வெயிலில் நிறம் மாறும் தாள்: கழியூதாவைக் காட்டும் உணரியை நாமே செய்யும் முறை

மட்டக்களப்பு, பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வந்து நிற்கும். டிசம்பரில்கூட உச்சியிலிருந்து 31 பாகை அளவுதான் விலகும். இந்த வெயிலின் சூட்டை உடம்பு உடனே சொல்லிவிடுகிறது. அதோடு சேர்ந்து விழும் கழியூதாக் கதிரை (அல்ட்ராவயலட், சுருக்கமாக யூவி) அறிவதற்கு மட்டும் நமக்குப் புலன் இல்லை. கல்லடிக் கடற்கரையில் காற்று இதமாக அடிக்கும்போதும் அது விழுகிறது. மேகமூட்டமான நாளிலும் விழுகிறது. மெல்லிய மேகத்தைத் தாண்டி 90 சதவீதத்துக்கு மேல் வரக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் தோணியிலும் கரைவலையிலும் நிற்பவர்கள், மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை வேலை செய்பவர்கள், இல்ல விளையாட்டுப் போட்டிக்காக மைதானத்தில் மணிக்கணக்கில் நிற்கும் பிள்ளைகள் என எல்லோர் தோலிலும் கண்ணிலும் இது சேர்ந்துகொண்டே போகிறது. கண்புரைக்கும், கருவிழி மேல் படரும் சதை வளர்ச்சிக்கும் கழியூதாவோடு தொடர்பு உண்டு. ஆகவே இதைக் கண்ணால் பார்க்க வைக்கும் எந்தக் கருவியும் நம் பாடசாலைகளுக்குத் தேவை என்று நினைக்கிறேன். ஒரு துண்டுத் தாளும் நான்கைந்து பொருட்களும் இருந்தால் அதைச் செய்துவிடலாம். செய்வது சுலபம். தாள் சொல்வதைச் சரியாக வாசிப்பதுதான் கடினம். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

உள்ளே நடப்பது என்ன

நம் தாளில் பூசப்போகும் வெள்ளைத் தூளான தைத்தேனியம் ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதன் அனடேஸ் என்ற பளிங்கு வடிவத்தில், இலத்திரன் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.2 இலத்திரன் வோல்ற்று. சுமார் 388 நனோமீற்றரை விடக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்கு மட்டுமே அந்த இடைவெளியைத் தாண்டவைக்கும் ஆற்றல் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 நனோமீற்றரை ஒட்டித் தொடங்குவதால், இந்தத் தூள் அதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டுக் கழியூதாவை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

எடுத்துக்கொண்டதும் ஓர் இலத்திரன் மேலே ஏறும். அது இருந்த இடத்தில் துளை ஒன்று மிஞ்சும். துளைக்கு இலத்திரன் பசி அதிகம். 1972இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளியைப் பாய்ச்சி, நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துக் காட்டியது இந்தச் சோடியின் பலத்தால்தான்.

நம் தாளில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுக்கிறோம். துளைக்குக் கிளிசரினைக் கொடுத்துவிடுகிறோம்; அது ஒட்சியேறிப்போகும். மிஞ்சும் இலத்திரன்கள் மெதிலீன் நீலம் என்ற சாயத்துக்குப் போகும். இரண்டு இலத்திரன்களைப் பெற்றுத் தாழ்த்தப்பட்ட மெதிலீன் நீலத்துக்கு நிறம் இல்லை. ஆகவே கழியூதா பட்டால் நீலம் வெளிறும். நிழலுக்குக் கொண்டுவந்தால் காற்றிலுள்ள ஒட்சிசன் அந்த இலத்திரன்களைத் திரும்பப் பறித்துக்கொள்ளும், நீலம் மீளும். பாலின் தரம் பார்க்கும் மெதிலீன் நீலச் சோதனையிலும் இதே தாழ்த்தல் நடக்கிறது. அங்கே இலத்திரன் கொடுப்பவை பக்ரீரியாக்கள், இங்கே ஒளி.

வாங்க வேண்டியவை

ஒளியூக்கித் தூளில், அதாவது ஒளி பட்டதும் இந்தத் தாக்கத்தைத் தூண்டும் தைத்தேனியம் ஈரொட்சைட்டில், கவனமாக இருக்க வேண்டும். பெயின்ற் கடையில் கிடைக்கும் தைத்தேனியம் வெள்ளை பெரும்பாலும் ரூடைல் வடிவம். அதிலும் ஒவ்வொரு துணிக்கையின் மேலும் அலுமினா அல்லது சிலிக்காப் பூச்சு இருக்கும். பெயின்ற் வெயிலில் பொடியாகாமல் இருக்க, ஒளியூக்கச் செயலை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கிறார்கள். அது நமக்கு உதவாது. நம் கிழக்குக் கரையிலேயே புல்மோட்டை மணலில் இல்மனைற்றும் ரூடைலும் இருக்கின்றன என்பது பெருமைக்குரிய செய்திதான், ஆனால் அந்த மணலையும் நேரடியாகப் பயன்படுத்த முடியாது. இரசாயனப் பொருள் விற்பவர்களிடம் "அனடேஸ்" என்று கேட்டு வாங்குங்கள். கேக் அலங்காரத்துக்கு விற்கும் ஈ171 என்ற வெள்ளைத் தூளும் பெரும்பாலும் அனடேஸ்தான். பொதியில் வேறு எதுவும் கலக்கப்படவில்லையா என்று பாருங்கள்.

அதுவும் கிடைக்காவிட்டால் மருந்துக்கடையில் நாக ஒட்சைட்டுத் (சிங்க் ஒக்சைட்) தூள் கேளுங்கள். கிறீம் வேண்டாம், தூள். அதன் ஆற்றல் இடைவெளி 3.3 இலத்திரன் வோல்ற்று அளவு, வேலை செய்யும். அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ அதன் பக்கம் போகக் கூடாது.

மெதிலீன் நீலம் அலங்கார மீன் விற்கும் கடைகளில் திரவமாகக் கிடைக்கும். சில போத்தல்களில் மலக்கைற் பச்சை போன்ற வேறு சாயங்களும் சேர்ந்திருக்கும். தனி மெதிலீன் நீலமாகவும் 1 சதவீதக் கரைசலாகவும் பார்த்து எடுங்கள். கிளிசரின் எந்த மருந்துக்கடையிலும் உண்டு. பசைக்குக் கோன்ஃபிளவர் போதும். ஐசிங்குக்கு விற்கும் சிஎம்சி தூளைத் தவிர்த்துவிடுங்கள். அது எதிரேற்றம் கொண்டது, மெதிலீன் நீலம் நேரேற்றம் கொண்டது. இரண்டும் பற்றிக்கொண்டு நிறமே ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும்.

தண்ணீருக்குக் கிணற்றையோ குழாயையோ நம்ப வேண்டாம். குழாய் நீரின் குளோரின் சாயத்தைத் தின்னும். கரையோரக் கிணறுகளில் உப்பு அதிகம். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. அதே கடையில் பற்றரி அசிட்டும் ஒத்த போத்தலில் இருக்கும், ஆகவே லேபிளை வாசித்து வாங்குங்கள்.

தாளுக்கு ஆய்வுகூட வடிதாள் அல்லது கோப்பி வடிகட்டும் வெள்ளைத் தாள் சரி. போட்டோகொப்பித் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒளிரும் பொருள் கழியூதாவைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். இவற்றோடு 0.01 கிராம் காட்டும் சிறிய தராசு, ஊசியில்லாத சிரிஞ்சு, தூரிகை, கையுறை, முகக்கவசம், மெல்லிய பொலித்தீன், அலுமினியத் தாள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

படி 1: பசை

30 மில்லிலீற்றர் நீரில் 1 கிராம் கோன்ஃபிளவரைக் குளிராகவே கரைத்து, பிறகு மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். வெண்மை குறைந்து கொழகொழப்பானதும் இறக்கி முழுதாக ஆறவிடுங்கள். நம் வெப்பத்தில் இது சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். ஆகவே செய்த அன்றே பயன்படுத்துவது நல்லது.

படி 2: தூளும் கிளிசரினும்

முகக்கவசம் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு 0.3 கிராம் தூளை நிறுங்கள். தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூசியைச் சுவாசிப்பது நல்லதல்ல. மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. ஈரமானதும் அந்த அபாயம் போய்விடும். ஆகவே தூளை முதலில் 2.5 மில்லிலீற்றர் கிளிசரினோடு சேர்த்து, கட்டி இல்லாமல் நன்றாக அரைத்துக் குழையுங்கள். இந்தக் குழைப்பில் சோம்பினால் தாளில் திட்டுத்திட்டாக வெளிறும். பிறகு பசையில் கலந்துவிடுங்கள்.

படி 3: சாயம்

இதிலிருந்து நேர் வெயில் படாத இடத்தில் வேலை செய்யுங்கள். 1 சதவீத மெதிலீன் நீலத்தில் 10 துளி விட்டுக் கலக்குங்கள். தெளிவான, நடுத்தரமான நீலம் வர வேண்டும். கருநீலமாக இருந்தால் வெளிறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். மிகவும் வெளிர் என்றால் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. சாயத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் இந்த உணரியின் வேகத்தை மாற்றும் திருகு. நிறைய மாணவர்கள் செய்யும் இடத்தில் 5, 10, 20 துளிகளில் மூன்று கலவை செய்துபாருங்கள்.

படி 4: பூசுதல்

தாளில் ஒரே திசையில், மெல்லியதாக ஒரு பூச்சு. நிழலில் காயட்டும். இரண்டாம் பூச்சு வேண்டுமானால் முதலாவது காய்ந்த பிறகு. 2 சென்ரிமீற்றர் அகலத் துண்டுகளாக வெட்டி, ஒரு பிளாஸ்ரிக் அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய பொலித்தீனால் மூடுங்கள். மூடாத தாளில் ஒட்சிசன் தாராளமாகப் புகுவதால் வெளிறல் அரைகுறையாக நின்றுவிடும், நிறமும் சட்டென்று மீண்டுவிடும். பொலித்தீன் அதை மெதுவாக்குகிறது, கழியூதாவையோ பெரிதாகத் தடுப்பதில்லை. ஒளிபுகும் ஒட்டுநாடா இன்னும் அதிகமாக ஒட்சிசனைத் தடுக்கும். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே மூடி என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.

படி 5: கட்டுப்பாட்டுத் துண்டுகள்

இதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டாம். நீலத் தாளை வெயிலில் வைத்தேன், வெளிறியது, ஆகவே கழியூதா இருக்கிறது என்று முடிவெடுப்பது தவறு. வெயிலில் எத்தனையோ சாயங்கள் எத்தனையோ காரணங்களால் வெளிறும். கொடியில் காயும் சீலைகூட வெளிறுகிறது. நம் தாள் கழியூதாவால்தான், ஒளியூக்கி வழியாகத்தான் நிறம் மாறுகிறது என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஐந்து துண்டுகள் வையுங்கள்.

முதலாவது முழுக் கலவை. இரண்டாவதில் தூள் மட்டும் இல்லை, மற்ற எல்லாம் உண்டு. இது நீலமாகவே நிற்க வேண்டும், அல்லது மிகச் சிறிதே மாற வேண்டும். முதலாவதைப் போல இதுவும் வெளிறினால் உங்கள் சாயம் வேறு வழியில் சிதைகிறது. நீரில் குளோரின் இருந்ததா, போத்தலில் வேறு சாயம் கலந்திருந்ததா என்று தேடுங்கள்.

மூன்றாவது முழுக் கலவைதான், ஆனால் அலுமினியத் தாளால் மூடியது. வெயிலின் சூடு இதற்கும் உண்டு, ஒளி இல்லை. இதுவும் மாறினால் குற்றவாளி சூடு.

நான்காவதில் கிளிசரின் இல்லை. இதில்தான் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள். துளைக்குக் கொடுக்க ஆள் இல்லாதபோது அது சாயத்தையே தாக்கத் தொடங்கும். கோன்ஃபிளவரும் ஓரளவு துளைகளை வாங்கிக்கொள்வதால் மாற்றம் முழுதாக நிற்காது. ஆனால் மெதுவாக வரும், அதில் ஒரு பங்கு திரும்பி வராது. ஒட்சியேறிச் சிதைந்த சாயம் போனது போனதுதான். தாழ்த்தப்பட்டு நிறமிழந்த சாயம் மட்டுமே நிழலில் நீலமாகும். ஆகவே முதலாவதையும் நான்காவதையும் வெயிலில் வைத்துவிட்டு இருட்டான அலுமாரியில் ஒரு இரவு விடுங்கள். காலையில் எது எவ்வளவு மீண்டிருக்கிறது என்று பார்த்தால், கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்த வெளிறலுக்குப் பின்னால் இரண்டு எதிர்த் தாக்கங்கள் நடந்திருப்பது புரியும். உயர்தர இரசாயனவியலில் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்று படிப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை குறைவு.

ஐந்தாவது முழுக் கலவை, மேலே சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டு. இதைப் பற்றிப் பிறகு.

படி 6: அளத்தல்

இலங்கை நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டை வைத்துக் கணிப்பது. மட்டக்களப்பு அதற்கு மிக அருகில் இருப்பதால் இங்கே கடிகாரமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பெப்ரவரியில் சூரிய உச்சி 12.15ஐ ஒட்டி வரும், நவம்பர் தொடக்கத்தில் 11.50க்குள்ளேயே வந்துவிடும். அதைச் சுற்றி ஒரு அளவீடும், காலை 8 மணிக்கு ஒன்றும், மாலை 4 மணிக்கு ஒன்றும் எடுங்கள். ஒரு நாளின் கழியூதாவில் 60 சதவீதம் அளவு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் வருகிறது என்பதை உங்கள் தாளே காட்டத் தொடங்கும்.

நல்ல நண்பகல் வெயிலில் சில நிமிடங்களில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாயத்தைக் குறையுங்கள். அதற்கும் மாறாவிட்டால் தூள் பூச்சிட்ட வகையாக இருக்கும். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கண்ணளவை விடக் கைத்தொலைபேசி நம்பகமானது. துண்டை நிழலுக்கு எடுத்த உடனே, பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டும் வெயில் காணாத நீலத் துண்டும் வைத்துப் படம் எடுங்கள். நிற எண்ணை வாசிக்கும் செயலியில் சிவப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெதிலீன் நீலம் 660 நனோமீற்றரை ஒட்டிச் சிவப்பு ஒளியைத்தான் அதிகம் உறிஞ்சுகிறது. சாயம் குறையக் குறையச் சிவப்பு எண் 255ஐ நோக்கி ஏறும். நீல எண் அவ்வளவாக அசையாது. நேரத்தைக் கிடையாகவும் சிவப்பு எண்ணை நிலைக்குத்தாகவும் வைத்து வரைபு வரையுங்கள். தொடக்கச் சரிவை ஒப்பிடுங்கள். தாள் முழுதாக வெளிறிய பிறகு எடுக்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

எங்கே வைத்துப் பார்க்கலாம்

முதலில் நிழல்கள். கிடுகு வேய்ந்த வாடிக்குள், தென்னை நிழலில், கறுப்புக் குடையின் கீழ், சாதாரண வெள்ளைத் துணியின் கீழ், அதே துணி நனைந்த பிறகு. நிழலில் நின்றாலும் திறந்த வானத்திலிருந்து சிதறி வரும் கழியூதா பக்கவாட்டில் வந்துகொண்டிருக்கும். தாளைக் கிடையாகவும் பிறகு வானத்தைப் பார்க்கச் சாய்த்தும் வைத்தால் வித்தியாசம் தெரியும். கடற்கரையில் தாளைத் தலைகீழாக மணலைப் பார்த்துப் பிடியுங்கள்: உலர்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தொப்பி போட்டாலும் மீனவர் முகம் கறுப்பது இதனாலும்தான்.

நீருக்குள்ளும் பார்க்கலாம். தாளைக் காற்றுப்புகாத பையில் இட்டுப் பாசிக்குடாவின் தெளிந்த ஆழமில்லாக் கடலில் முழங்கால் ஆழத்தில் வையுங்கள். அரை மீற்றர் ஆழத்திலும் கழியூதா மேற்பரப்பில் இருப்பதில் 40 சதவீதம் அளவு இருக்கும் என்கிறார்கள். கலங்கிய வாவி நீரில் அதே ஆழத்தில் என்ன ஆகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸும் நல்ல ஆய்வுகூடம். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்ரிக் படலம் வைத்துச் செய்தது. கழியூதாவின் பெரும்பகுதியை அந்தப் படலம் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடியில் அந்தப் படலம் பொதுவாக இருக்காது. இரண்டின் பின்னாலும் துண்டை வையுங்கள்.

இந்தத் தாள் சொல்லாதது

கழியூதாவை மூன்றாகப் பிரிக்கிறோம். 315 முதல் 400 நனோமீற்றர் வரை யூவி-ஏ, 280 முதல் 315 வரை யூவி-பி, அதற்குக் கீழே யூவி-சி. யூவி-சியை வளிமண்டலம் முழுதாக நிறுத்திவிடுகிறது. நிலத்துக்கு வருவதில் மிகப் பெரும்பகுதி யூவி-ஏ. ஆனால் தோலைச் சிவக்க வைத்து எரிப்பதில் யூவி-பிக்குத்தான் முதலிடம். காலநிலை அறிக்கைகளில் வரும் கழியூதாச் சுட்டெண்ணும் தோலை எரிக்கும் திறனை வைத்தே கணிக்கப்படுகிறது. அதில் 8 முதல் 10 வரை மிக அதிகம், 11உம் அதற்கு மேலும் உச்சம்.

நம் தாள் 388 நனோமீற்றருக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் எண்ணுகிறது. ஆகவே அது காட்டுவது பெரும்பாலும் யூவி-ஏ. ஐந்தாவது துண்டை நினைத்துப் பாருங்கள்: ஜன்னல் கண்ணாடி யூவி-பியை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தும் அந்தத் துண்டு சற்று மெதுவாகவேனும் வெளிறியிருக்கும். காலை வெயிலிலும் இதே சிக்கல். சூரியன் சாய்ந்திருக்கும்போது யூவி-பி, யூவி-ஏயை விட வேகமாகக் குறைகிறது. தாள் அதைப் பிரித்தறியாது. அதனால் "தாள் பாதி வெளிறினால் சுட்டெண் 6" என்று அட்டவணை போட வேண்டாம். தாள் மாறவில்லை, ஆகவே பிள்ளைகள் வெயிலில் நிற்கலாம் என்றும் சொல்ல வேண்டாம். இடங்களையும் நேரங்களையும் மறைப்புகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் இது.

யூவி-பியை மட்டும் பிடிக்க விரும்பும் ஆய்வாளர்கள் ஆற்றல் இடைவெளி அதிகமுள்ள வெள்ளீய ஈரொட்சைட்டுக்குப் போகிறார்கள், அது 3.6 இலத்திரன் வோல்ற்று அளவு, எனவே 345 நனோமீற்றரை ஒட்டித்தான் விழிக்கிறது. 2018இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பொஸ்போமொலிப்டிக் அமிலமும் லக்றிக் அமிலமும் கலந்த மையால், வெவ்வேறு தோல் நிறங்களுக்கு ஏற்ற கழியூதாத் தாள்களைச் செய்தார்கள். உயர்தரச் செயற்றிட்டத்துக்கு இந்த இரண்டு திசைகளும் நல்லவை.

சேர்ந்த அளவை அறிய

மெதிலீன் நீலம் மீண்டுவிடுவதால் ஒரு நாள் முழுதும் பட்ட மொத்த அளவைச் சொல்லாது. அதற்கு றெசசூரின் என்ற சாயம் வேண்டும். 30 மில்லிலீற்றர் பசைக்கு 40 மில்லிகிராம் போதும். இது நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும், காற்றில் திரும்பாது. தொடர்ந்து வெயில் பட்டால் பிறகு நிறமிழக்கும். அமிலத்திலும் இதன் நிறம் மாறும் என்பதால் கலவை நடுநிலையாக இருக்கட்டும். காலையில் தோணிக்குப் போகும் ஒருவரின் தொப்பியில் ஒன்றும் சட்டைப்பையின் வெளியே ஒன்றும் குத்திவிட்டால், கரைக்கு வரும்போது எது அதிகம் மாறியிருக்கிறது என்று பார்க்கலாம்.

வெள்ளக் காலங்களில் கிணறு கெட்டுப்போகும்போது, தெளிந்த நீரை ஒளிபுகும் பெற் பிளாஸ்ரிக் போத்தலில் அடைத்து, கிருமிகளைக் கொல்ல 6 மணி நேரம் முழு வெயிலில் வைக்கும் முறை உண்டு. மேகமூட்டம் என்றால் 2 நாள். போதிய வெயில் பட்டுவிட்டதா என்று காட்டும் அடையாளமாக இத்தகைய தாள்களை அங்கே பயன்படுத்தும் யோசனையும் இருக்கிறது. வீட்டில் செய்த தாளை நம்பி யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

பாதுகாப்பும் சேமிப்பும்

மெதிலீன் நீலம் உள்ளே போகக் கூடாது. ஜி6பீடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சில மனநல மருந்துகளோடும் ஆபத்தாகச் சேரும். தாளை நேரே தோலில் ஒட்டாமல் பிளாஸ்ரிக் அட்டையோடு குத்துங்கள். பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.

செய்த துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். வாடை மழையில் கிளிசரின் ஈரத்தை இழுத்துத் தாள் பிசுபிசுக்கும். டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தலைகீழ், பூச்சு காய்ந்து வெடிக்கும், வேகமும் குறையும். அப்போது சிலிக்காவை எடுத்துவிட்டுக் கிளிசரினை 3 மில்லிலீற்றராகக் கூட்டுங்கள். ஈரம் மாறினால் வேகம் மாறும் என்பதால் வெவ்வேறு மாதத் தாள்களை நேரடியாக ஒப்பிடாமல், ஒவ்வொரு தடவையும் கட்டுப்பாட்டுத் துண்டுகளோடு சேர்த்தே வாசியுங்கள். மீதிப் பசையை வாவியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், பழைய தாளில் தடவிக் காயவைத்துக் குப்பையோடு கட்டிப் போடுங்கள்.